சொல்லின்றிப் படை நடத்திய ஊமைத்துரை

பாஞ்சாலங்குறிச்சி என்றவுடன் கட்டபொம்மன் பெயரே நாவில் எழுகிறது. அது நியாயமே. ஆயினும் 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்ட பின்னர், கும்பினியாரை அவரிலும் அதிகமாகக் கலங்கச் செய்தவர் அவருடைய தம்பி ஊமைத்துரை. மெலிந்த தேகமுடையவர், வாய் பேச இயலாதவர். ஆணையிடும் குரலே தளபதிக்கு முதல் ஆயுதம் என்பார்கள். அந்த ஆயுதம் அவரிடம் இல்லை.

1801 பிப்ரவரி 2-ந் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தோழர்களுடன் தப்பினார். ஒரு வாரம் கழித்து மேஜர் மெக்காலே துருப்புகளுடன் பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது, கும்பினியார் முன்பு இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்தில் புதிய மண் மதில் எழுந்து நின்றது! மெக்காலே திரும்பிப் போய் உதவிப் படை கோரினார்.

மார்ச் 31-ந் தேதி பெரும் படை வந்தது. பீரங்கிகள் மதிலில் உடைப்பு உண்டாக்கின. அதன் வழியே வெள்ளைச் சோல்ஜர்களும் சிப்பாய்களும் ஏறினர். கொத்தளங்களின் உட்புறம் மறைந்து நின்றோர் நீண்ட வேல்களால் அவர்களைக் குத்தி வீழ்த்தினர். உச்சியை எட்டியவர் எவரும் உள்ளே இறங்கவில்லை. மாண்டாரையும் காயம்பட்டாரையும் விட்டுச் சைனியம் பின்வாங்கிற்று.

இவர்களை நடத்திய விதம் யாது? எதிரணியில் நின்று போரிட்ட வெல்ஷ் என்னும் ஆங்கிலேய அதிகாரி அதை எழுதி வைத்திருக்கிறார். நம்மவர் எழுதி வைக்கவில்லை என்பது நமக்குப் பெருமையன்று. ஊமைத்துரை சில வைக்கோல் துரும்புகளை இடது உள்ளங்கையில் அடுக்குவார். அவை ஆங்கிலச் சைனியம். எப்பொழுது, எவ்வாறு என்பதைச் சைகையால் உணர்த்துவார். பிறகு வாயால் சீறும் ஓசை எழுப்பி, மறு கையால் துரும்புகளைத் துடைத்தெறிவார். தாக்குதலுக்கு அதுவே உத்தரவு. உத்தரவிட்டவர் பின்னால் நிற்பதில்லை. பெரும்பாலும் அவரே முதலில் பாய்வார். குரலில்லாத தலைவருக்கு ஜனங்கள் கீழ்ப்படிந்ததன் காரணத்தை இதற்குமேல் தேட வேண்டியதில்லை.

கர்னல் அக்னியூ புதிய படைகளுடன் வந்த பின், மே 24-ந் தேதி கோட்டை வீழ்ந்தது. உள்ளிருந்தோர் திரளாக வெளிப்பட்டனர். குதிரைப் படை அவர்களைத் துரத்தி வெட்டிற்று. ஊமைத்துரை காயமுற்றுப் பிணங்களிடையே கிடந்தார். அன்றிரவு மகனைத் தேடி ஒரு தாய் அங்கு வந்தாள். குற்றுயிராய்க் கிடந்த மகனோ, தன்னை விட்டுவிட்டு அருகே கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி வேண்டினான். பெற்ற வயிறு அதற்கு எவ்வாறு இசைந்ததோ! அவள் துணைக்கு வந்தவர்களுடன் அவரைத் தூக்கிச் சென்றாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது அவர்மேல் துணியைப் போர்த்தி, வைசூரியில் மாண்டவனென்று ஒப்பாரி வைத்தாள். வந்தவர்கள் அஞ்சி அகன்றனர்.

உயிர் மீண்டவர் ஓய்வு கொள்ளவில்லை. சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரர்களுடன் சேர்ந்து மீண்டும் போரிட்டார். அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். பிடிபட்ட ஊமைத்துரையைக் கும்பினியார் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டு சென்று, 1801 நவம்பர் 16-ந் தேதி தூக்கிலிட்டனர். அவர் எழுப்பிய மதிலும் அப்பொழுது அங்கில்லை.