கணித மேதை டிரிக்லே

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் சார்புகள் பாடத்தைத் திறந்தால், ஒரே சார்புக்கு இரண்டு மூன்று விதிகள் கொடுத்திருப்பார்கள். அதைக் கண்டு நம்மில் பலர் மிரண்டு போகிறோம். அப்படியும் ஒரு சார்பு இருக்கலாம் என்று தெளிவுபட எடுத்துரைத்தவர் டிரிக்லே என்னும் ஜெர்மானிய மேதை.

இவர் 1805-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் டூரன் நகரில் பிறந்தார். தந்தை அஞ்சல் நிலைய அதிகாரி. பன்னிரண்டு வயது நிரம்புமுன்பே, கைச்செலவுக்குக் கிடைத்த காசில் கணித நூல்களை வாங்கினாராம். (நாம் மிட்டாயல்லவா வாங்குகிறோம்!) கொலோன் நகரில் இயேசு சபையார் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், இயற்பியலில் நாம் படிக்கும் விதிக்குச் சொந்தக்காரரான ஓம்.

1822-இல் மேற்படிப்புக்குப் பாரிஸ் சென்றார். அங்கே பெரியம்மை கண்டது. பிழைத்தெழுந்தவர், தளபதி ஃபுவா என்பவரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே ஆராய்ச்சியும் செய்தார். பின் 1828-இல் பெர்லின் சேர்ந்தார். இசைமேதை மெண்டல்சோனின் தங்கை ரெபெக்காவை 1832-இல் மணந்தார்.

சார்பு என்றால் ஒரே சூத்திரம் என்றே அக்காலத்தில் பலரும் எண்ணியிருந்தனர். 1837-இல் டிரிக்லே, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு விடை கிடைத்தால் போதும், எல்லா இடத்திலும் ஒரே விதி வேண்டியதில்லை என்று எழுதினார். நமது மட்டுச் சார்பையே பாருங்கள். குறை எண்ணுக்குக் குறியை மாற்று, மற்றதை அப்படியே விடு என இரண்டு விதிகள். மதிப்பகம் மெய்யெண்கள் யாவும். வீச்சகமோ பூச்சியமும் மிகை எண்களும் மட்டுமே. எல்லையில் நிற்கும் எண் எந்த விதிக்குரியது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

1829-இலேயே அவர் ஒரு விசித்திரச் சார்பைக் காட்டியிருந்தார். விகிதமுறு எண்ணுக்கு ஒரு விடை, விகிதமுறா எண்ணுக்கு வேறு விடை. முறையே 1, 0 என்று வைத்துக்கொள்வோம். மதிப்பகம் மெய்யெண்கள் முழுவதும். வீச்சகத்தில் இருப்பதோ இரண்டே எண்கள்! எவ்வளவு நெருங்கிய இரு புள்ளிகளை எடுத்தாலும் இடையில் இருவகை எண்களும் உண்டு. ஆகவே வரைபடத் தாளில் இதனை யாராலும் வரைய முடியாது. எங்களுக்கு இதுவே மிகவும் பிடித்தது.

1855-இல் மறைந்த காஸின் இடத்தில் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் டிரிக்லேயை அமர்த்தியது. 1858 டிசம்பரில் ரெபெக்கா காலமானார். ஏற்கெனவே இதய நோயுற்றிருந்த டிரிக்லே, ஐந்தே மாதங்களில், 1859 மே 5 அன்று உயிர் நீத்தார்.