கேத்தே கொல்விட்ஸ்: கறுப்பு மையில் ஒரு தாயின் வாழ்க்கை

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வர்ணப்பெட்டி வாங்க வழியில்லை. பாடக் கொப்பியின் பின்பக்கங்களில் நீலப் பேனையால் கீறித்தான் நான் சித்திரம் பழகினேன். இன்று பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். பேனையும் மையும் போதுமா என்று மாணவர்கள் கேட்கும்போது நான் சொல்லும் பெயர் கேத்தே கொல்விட்ஸ். அவர் ஜேர்மனிய ஓவியர். கறுப்புக் கோட்டைக் கொண்டே தன் வாழ்நாளின் பெரும்பகுதி வேலையைச் செய்தவர். இரண்டு உலகப் போர்களிலும் தன் குடும்பத்தைப் பறிகொடுத்த தாய்.

1867 ஜூலை 8 ஆம் திகதி கோனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். அந்த நகரம் இன்று கலினின்கிராட் என்ற பெயரில் ரஷ்யாவில் இருக்கிறது. மகளின் கைத்திறனைக் கண்ட தகப்பனார், செப்புத் தகட்டில் சித்திரம் செதுக்கும் ஒருவரிடம் அவரைச் சிறுவயதிலேயே படிக்கவிட்டார். பெண்களுக்குக் கலைக் கல்லூரியின் கதவு மூடியிருந்த காலம் அது. பேர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கென இருந்த சித்திரப் பாடசாலைகளில் அவர் பயின்றார். நிறம் தீட்டுவதைவிடக் கோடு போடுவதே தன் வழி என்று அங்கேதான் கண்டுகொண்டார். பேனை, தூரிகை, கறுப்பு மை ஆகியவற்றால் தன் முகத்தையும், துறைமுகத் தவறணைகளில் கண்ட தொழிலாளரையும் வரைந்தார்.

1891 இல் வைத்தியர் கார்ல் கொல்விட்ஸை மணந்தார். பேர்லினில் தொழிலாளர் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில் வீடும் மருத்துவமனையும் ஒன்றாகவே இருந்தன. 50 ஆண்டுகளுக்கு மேல் அதுவே அவர்களது வீடு. கணவரிடம் வரும் ஏழைப் பெண்கள் மருந்தோடு திரும்பிப் போய்விடுவதில்லை. கேத்தேயிடம் வந்து வீட்டுக் கஷ்டங்களையும் சொல்வார்கள். அவர்களின் வளைந்த முதுகும் வேலை செய்து தடித்த கைகளும் அவரது படங்களில் ஏறின.

ஹான்ஸ், பீட்டர் என இரண்டு ஆண் பிள்ளைகள். கைக்குழந்தையோடு வீட்டு வேலையும் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு மேசையும் விளக்கும் இருந்தால் வரைய முடியும். 1893 அளவில் அவர் செய்த ஒரு படத்தில், இரவு விளக்கடியில் மேசையில் இருக்கும் அவரையே காண்கிறோம். பேனையால் வரைந்து பார்த்ததையே பின்னர் செப்புத் தகட்டில் ஊசியால் கீறுவார். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பிக் கடதாசியில் அழுத்தினால் படம் வரும். ஒரு தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். சாதாரண மக்களின் கையில் தன் படங்கள் சேர வேண்டும் என்று விரும்பியவருக்கு இந்த முறை பொருந்தியது.

நெசவாளர் கிளர்ச்சியைப் பற்றிய ஆறு படங்களை 1898 இல் காட்சிக்கு வைத்தபோது, நடுவர்கள் அவருக்குப் பதக்கம் பரிந்துரைத்தார்கள். மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் அதை மறுத்துவிட்டார்.

1903 இல் அவர் செய்த ஒரு படத்தை என்னால் நீண்ட நேரம் பார்க்க முடிவதில்லை. இறந்த பிள்ளையை ஒரு தாய் மார்போடு இறுக்கி, அதன் மேல் முகம் புதைத்து இருக்கிறாள். கண்ணாடியின் முன் ஏழு வயதுப் பீட்டரை மடியில் ஏந்தியபடி, தன்னையே பார்த்து வரைந்த படம் அது. பாரம் தாங்காமல் தாய் முனகியபோது, படம் அழகாக வரும் என்று மகனே அவரைத் தேற்றினானாம். படத்தைப் பார்த்த நெருங்கிய தோழி, பீட்டருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பதறிப்போனார்.

பதினொரு ஆண்டுகளின் பின் அது நடந்தது. 1914 இல் போர் தொடங்கியதும் பீட்டர் தானாகவே படையில் சேர விரும்பினான். வயது போதாததால் தகப்பனின் சம்மதம் வேண்டும். கார்ல் மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் கேத்தே. ஒக்டோபர் 22 ஆம் திகதி பெல்ஜியத்தில் பீட்டர் கொல்லப்பட்டான். வயது 18.

தான் சொன்ன ஒரு வார்த்தையின் பாரத்தை அவர் மறைக்கவில்லை, வேறொருவர் மேல் போடவுமில்லை. அதை நாட்குறிப்பில் எழுதினார், படங்களில் வைத்தார். 1918 ஒக்டோபரில், மிஞ்சியிருந்த ஆண்களையும் போருக்கு அழைத்த ஒரு கவிஞருக்குப் பத்திரிகையில் பகிரங்கமாக மறுப்பு எழுதினார். பின்னர் ‘போர்’ என்ற தலைப்பில் ஏழு மரச்செதுக்குப் படங்களைச் செய்து 1923 இல் வெளியிட்டார். எதிரியும் வெற்றியும் அவற்றில் இல்லை. முதற் படத்தில் ஒரு தாய் தன் கைக்குழந்தையைத் தூக்கிக் கொடுக்கிறாள்.

மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய 1914 டிசம்பரிலேயே தொடங்கினார். முதலில் மகனின் உடலும் அதில் இருந்தது. செய்தார், அழித்தார், நிறுத்தினார், மீண்டும் தொடங்கினார். முடிய 18 ஆண்டுகள் ஆயின. 1932 இல் பெல்ஜியத்து மயானத்தில் வைத்தபோது அதில் மகன் இல்லை. முழந்தாளிட்ட தாயும் தகப்பனும் மட்டுமே. தாய் குனிந்திருக்கிறாள். தகப்பன் தன் கைகளால் தன்னையே கட்டிக்கொண்டிருக்கிறார். இருவரும் தனித்தனிப் பீடத்தில், ஒருவரையொருவர் தொடாமல் இருக்கிறார்கள். ஒரே இழப்பு ஒரு வீட்டுக்குள் இருவரைத் தனித்தனியாக ஆக்கிவிடுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அந்தச் சிலைகள் இன்று விலாட்ஸ்லோ மயானத்தில், பீட்டரோடு சேர்த்து 25,000 க்கும் மேற்பட்ட படையினரின் புதைகுழிகளின் முன் இருக்கின்றன.

ஹிட்லரின் ஆட்சி வந்ததும், 1933 இல், கலைக்கழகத்திலிருந்து விலகும்படி அவர் நிர்ப்பந்திக்கப்பட்டார். படங்களைக் காட்சிக்கு வைக்கும் வழியும் அடைபட்டது. 1940 இல் கணவர் காலமானார். 1942 இல் பேரன் ரஷ்யப் போர்முனையில் மாண்டான். அவன் பெயரும் பீட்டர். அந்தப் போர்க்காலத்தில் அவர் செய்த கல்லச்சுப் படத்தில், ஒரு முதிய தாய் தன் மேலங்கிக்குள் பையன்களை அமுக்கிப் பிடித்திருக்கிறாள். அவர்களோ துள்ளி வெளியே வரப் பார்க்கிறார்கள். விதை தானியத்தை அரைத்துத் தின்னக் கூடாது என்பது அந்தப் படத்தின் பொருள். 1914 இல் தான் செய்யாததை அந்தத் தாயைக் கொண்டு செய்வித்தார் என்றே நான் நினைக்கிறேன்.

1943 நவம்பரில் குண்டு விழுந்து பேர்லின் வீடு அழிந்தது. ஏராளமான படங்கள் எரிந்தன. அவர் முன்பே நகரைவிட்டு வெளியேறியிருந்ததால் உயிர் தப்பினார். அல்பம் எரிந்த வீடும், பிள்ளையின் ஒரு படம்கூட மிஞ்சாத வீடும் நமக்குப் புதிதல்ல. ஆனால் கொல்விட்ஸின் படங்கள் பிரதிகளாக ஊரெங்கும் பரவியிருந்ததால் முற்றாக அழியவில்லை. 1945 ஏப்ரல் 22 ஆம் திகதி, ட்ரெஸ்டன் நகருக்கு அருகே மொரிட்ஸ்பேர்க்கில் அவர் இறந்தார். ஜேர்மனி சரணடைய இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் இருந்தது.

அவரது படங்களை வகுப்பில் காட்டும்போது மாணவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன். வீட்டில் அம்மாவோ அம்மம்மாவோ சும்மா இருக்கும் நேரத்தில் அவரின் கைகளைப் பேனையால் வரைந்து வாருங்கள். ஒன்றை வரைந்ததும் விட்டுவிடாதீர்கள், பல தடவை வரையுங்கள். ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள்.