தேவ்லாலியின் எண் வித்தகர்

நண்பர் ஒருவரிடம் நான்கு இலக்க எண் ஒன்றை எழுதுமாறு கூறுங்கள். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருத்தல் கூடாது. அஃது ஒன்றே நிபந்தனை. அவர் எழுதத் தொடங்குமுன், சிறு தாளொன்றில் 6174 என எழுதி, மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பின்னர், தாம் எழுதிய எண்ணின் இலக்கங்களைப் பெரியது முதலாக ஒரு முறையும் சிறியது முதலாக ஒரு முறையும் அடுக்கி, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கச் சொல்லுங்கள். வந்த விடையையும் அவ்வாறே அடுக்கிக் கழிக்க வேண்டும். ஏழு கழித்தல்களுக்குள் அவர் ஓர் எண்ணை அடைவார். அதன்பின் எத்தனை முறை கழித்தாலும் அதே எண்ணே திரும்பத் திரும்ப வரும். அப்போது மடித்த தாளைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இந்த வித்தையின் உள்ளே இருக்கும் உண்மையைக் கண்டறிந்தவர் மேடையில் தோன்றும் மாயவித்தைக்காரர் அல்லர். மகாராட்டிரத்துச் சிற்றூர் ஒன்றில் கணக்குக் கற்பித்த பள்ளி ஆசிரியர்.

தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர் 1905ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள், மேற்குக் கடற்கரையில் உள்ள தகாணு என்னும் ஊரில் பிறந்தார். எட்டாம் வயதில் தாயை இழந்தார். எழுத்தராகப் பணியாற்றிய தந்தை சோதிடத்தில் ஈடுபாடு மிக்கவர். சோதிடக் கணிப்பிற்கு ஆழ்ந்த கணிதம் வேண்டுவதில்லை. ஆயின் இடைவிடாமல் கூட்டவும் கழிக்கவும் வேண்டும். தாயில்லாப் பிள்ளைக்கு அந்தக் கணக்கிடும் ஆர்வத்தைத் தந்தை தந்தார். தானேயில் பள்ளிக் கல்வி முடித்து, புனேயிலுள்ள பெர்குசன் கல்லூரியில் சேர்ந்தார் கப்ரேக்கர். அங்கே 1927ஆம் ஆண்டில், சொந்த முயற்சியால் செய்த கணித ஆய்வுக்காக ராங்லர் பராஞ்சபே பெயரிலான பரிசைப் பெற்றார். 1929இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டம் கிடைத்தது. அதற்குமேல் அவர் பட்டம் எதுவும் பெறவில்லை.

நாசிக் நகரை அடுத்துள்ள தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை அவர் ஆசிரியராக இருந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள்! ஆய்வுக்கூடமோ, வழிகாட்டும் பேராசிரியரோ இல்லை. அவர் தேர்ந்த துறைக்கு அவை தேவைப்படவும் இல்லை. தாளும் எழுதுகோலும் போதுமாயிருந்தன.

அவர் எண்களைப் பார்த்த முறை தனியானது. ஓர் எண்ணை எடுத்து, அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை அதனுடனே சேர்த்தால் புதிய எண் ஒன்று பிறக்கிறது. 16 என்பதோடு 1, 6 ஆகியவற்றைக் கூட்டினால் 23. எனவே 23க்குப் பெற்றோர் 16. சில எண்களுக்கு இரண்டு பெற்றோர் உண்டு: 91, 100 ஆகிய இரண்டிலிருந்தும் 101 பிறக்கிறது. இன்னும் சில எண்களுக்கோ பெற்றோரே இல்லை. 20, 31, 42, 53 முதலியன அத்தகையவை. இவற்றைக் கப்ரேக்கர் சுயம்பு எண்கள் என்றார். நாம் தான்தோன்றி எண்கள் எனலாம். தம் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு, மகிழ்ச்சி தருவது என்னும் பொருள்பட ஹர்ஷத் எனப் பெயரிட்டார். இராமானுசன் எண் என நாம் அறிந்த 1729 அவ்வகையைச் சேர்ந்தது. அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 19, பத்தொன்பதைத் தொண்ணூற்றொன்றால் பெருக்கினால் 1729.

அவர் பெயரையே தாங்கும் மற்றொரு வகையும் உண்டு. 45ஐ வர்க்கப்படுத்தினால் 2025. அதனை நடுவில் வெட்டி 20, 25 எனப் பிரித்துக் கூட்டினால் மீண்டும் 45. 297, 703 ஆகியனவும் இப்படியே தம்மிடம் திரும்பும். வெட்டும் இடத்தைத்தான் கவனித்துத் தெரிய வேண்டும்: 297இன் வர்க்கம் 88209, அதனை 88, 209 எனப் பிரிக்க வேண்டும்.

ஆயினும் அவர் பெயரை உலகறியச் செய்தது 6174. இதனை அவர் 1949ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அறிவித்தார். அவர் பிறந்த ஆண்டையே எடுத்துச் செய்து பார்ப்போம். 1905இன் இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்க 9510. ஏறு வரிசையில் 0159. கழித்தால் 9351. இனி 9531இலிருந்து 1359ஐக் கழிக்க 8172. தொடர்ந்து 7443, 3996, 6264, 4176 என வந்து, ஏழாம் கழித்தலில் 6174 கிடைக்கிறது. வேறு சில எண்கள் விரைவில் முடிந்துவிடும். 3524க்கு மூன்று கழித்தல்களே போதும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. 2111 போன்ற எண்ணில் முதல் விடை 999 என வரும். அதனை மூன்று இலக்க எண்ணாகக் கொண்டால் அடுத்த கழித்தலில் சுழியம் வந்து வித்தை கெட்டுவிடும். 0999 என நான்கு இலக்கமாகவே எழுத வேண்டும். நண்பர் முன்னிலையில் இவ்வித்தை தோற்பது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

எல்லா எண்களும் ஏன் ஒரே இடத்தில் சென்று முடிகின்றன? முதற் கழித்தலை உற்று நோக்கினால் ஓரளவு விளங்கும். மிகப் பெரிய இலக்கத்திற்கும் மிகச் சிறிய இலக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை 999ஆல் பெருக்குங்கள். நடுவில் நிற்கும் இரண்டு இலக்கங்களின் வேறுபாட்டை 90ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் கழித்தலின் விடை அதுவே. 1905க்கு 8991உம் 360உம் சேர்ந்து 9351. ஆகவே விடையைத் தீர்மானிப்பவை இரண்டு வேறுபாடுகள் மட்டுமே. அவை சேரக்கூடிய வகைகள் 54. நண்பர் 8991 எண்களுள் எதனைத் தேர்ந்தாலும், முதற் கழித்தல் முடிந்தவுடன் 54 எண்களுள் ஒன்றில் வந்து நிற்கிறார். அந்த ஐம்பத்து நான்கையும் பொறுமையுடன் ஒவ்வொன்றாகச் சோதித்தால் அனைத்தும் 6174ஐ அடைவதைக் காணலாம்.

இத்தகைய கண்டுபிடிப்புகளை அக்காலக் கணித அறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. சிறுபிள்ளை விளையாட்டு என ஒதுக்கினர். அவர்கள் கூற்றில் ஒரு நியாயம் இருந்தது. இவை எண்களின் இயல்பைக் காட்டிலும், பத்தை அடியாகக் கொண்டு நாம் அவற்றை எழுதும் முறையைச் சார்ந்தவை. எழுதும் முறையை மாற்றினால் 6174இன் சிறப்பு மறைந்துவிடும். ஆனால், ஒரு கேள்வி எளிமையாய் இருப்பதனாலேயே அது தாழ்ந்ததாகிவிடுமா? கப்ரேக்கர் வாதிட்டுக் காலத்தைக் கழிக்கவில்லை. பெரிய இதழ்கள் ஏற்காதவற்றைச் சிறிய இதழ்களுக்கு அனுப்பினார். தாமே சிறு நூல்களாகவும் அச்சிட்டு வெளியிட்டார். ஆசிரியரின் ஊதியத்தில் இஃது எளிய செயலன்று.

1962இல் பணி ஓய்வு பெற்றார். 1966இல் மனைவி காலமானார். ஓய்வூதியம் வாழ்க்கைக்குப் போதாமையால் மாணவர்க்குக் கணிதமும் அறிவியலும் தனியாகக் கற்பித்துப் பொருளீட்ட நேர்ந்தது. அந்நிலையிலும் எண்களை அவர் விடவில்லை. வானியலறிஞர் கோப்பர்நிக்கசை முன்னிட்டு அவர் அமைத்த மாயச் சதுரம் பற்றிய கட்டுரை 1974இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, கணிதப் புதிர்களையும் வித்தைகளையும் உலகெங்கும் பரப்பிய அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர், சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் கப்ரேக்கரைப் பற்றி எழுதினார். தேவ்லாலி ஆசிரியரின் பெயர் பல நாடுகளுக்கும் அறிமுகமாயிற்று. அப்போது அவருக்கு எழுபது வயது.

1986இல் கப்ரேக்கர் மறைந்தார். அவர் தொடங்கிய விளையாட்டு மட்டும் நான்கு இலக்கங்களோடு நிற்கவில்லை. மூன்று இலக்க எண்களுக்கு இவ்வாறு நிலைத்து நிற்பது 495. இரண்டு இலக்க எண்களோ எங்கும் நிலைப்பதில்லை. 09, 81, 63, 27, 45 எனச் சுற்றி மீண்டும் 09க்கே வருகின்றன. ஐந்து இலக்க எண்களை எடுத்தால் என்ன ஆகும் என்பதை, தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு நீங்களே கழித்துப் பாருங்கள்.