பிழை சுட்டப்பட்ட மாணவர்: இமாம் ஸீபவைஹி (ரஹ்)

திட்டுவிளையிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், மஃரிப் தொழுகைக்குப் பின் அரபு எழுத்துகளைக் கற்கப் பள்ளிவாசலில் அமர்ந்தால், நாவின் கடினத்தைவிட நாணமே அவரை அதிகம் வருத்துகிறது. பேரன் சரளமாக ஓதுகிறான். பாட்டனாரோ குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். அத்தகைய பெரியவர்கள் இமாம் ஸீபவைஹி (ரஹ்) அவர்களின் வரலாற்றை அறிதல் நலம்.

அன்னாரின் இயற்பெயர் அம்ர் இப்னு உஸ்மான். பாரசீகத்தில் ஷீராஸ் நகரையடுத்த பைளா என்னும் ஊரினர். கல்வி நாடி இராக்கின் பஸராவுக்கு வந்து, ஹம்மாத் இப்னு ஸலமா (ரஹ்) அவர்களிடம் ஹதீஸ் பயின்றார். ஒருநாள் நபிமொழி ஒன்றை வாசிக்கையில், அபுத்தர்தா (ரலி) அவர்களின் பெயரில் 'அபா' என வரவேண்டிய இடத்தில் 'அபூ' என்று படித்துவிட்டார். உஸ்தாத் அவையிலேயே பிழையைச் சுட்டினார். 'லைஸ' என்ற சொல்லுக்குப் பின் 'அபூ' என்பதே பொது விதி. அவ்விடத்திலோ அச்சொல் விலக்குப் பொருளில் வந்திருந்தது. விதியை அறிந்திருந்ததனாலேயே நேர்ந்த தவறு! அயல்மொழி கற்போர் பலருக்கும் இவ்வனுபவம் உண்டு.

வெட்கம் அவரை வாட்டியது. இனி எவரும் தம்மீது பிழை காண இயலாத கல்வியையே தேடுவதென உறுதிபூண்டு, இலக்கண மேதை கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்களை அண்டினார். சலிப்பூட்டாத விருந்தினர் என்று அவரை வரவேற்பாராம் கலீல். ஆயினும் பேச்சில் திக்கல் இருந்தது. நாவைவிட எழுதுகோலே அவருக்குக் கைகொடுத்தது என்பர்.

பின்னர் பக்தாதில், அமைச்சர் யஹ்யா பர்மகீயின் அவையில், கூஃபா அறிஞர் அல்-கிஸாயீ (ரஹ்) அவர்களோடு வாதம் நிகழ்ந்தது. தேளையும் குளவியையும் பற்றிய ஒரு வாக்கியத்தின் இறுதிச் சொல்லே விவாதப் பொருள். தீர்ப்புக்கு அழைக்கப்பட்ட பாலைவன அரபிகள் கிஸாயீயின் பக்கம் நின்றனர். அவருக்கு அரண்மனையில் இருந்த செல்வாக்கே காரணம் என்போர் உளர். இலக்கண விதிப்படி ஸீபவைஹியின் கூற்றே வலியது என்பது எம் கருத்து. ஆனால் தாய்மொழியாளரே எதிர்சாட்சி கூறும்போது, கற்றுத் தேர்ந்தவர் யாரிடம் முறையிடுவார்? யஹ்யா பத்தாயிரம் திர்ஹம் அளித்தும் மனம் ஆறவில்லை. பஸராவுக்குத் திரும்பாமல் பாரசீகம் சென்றவர், ஹிஜ்ரி 180 (கி.பி. 796) அளவில், இளவயதிலேயே மறைந்தார்.

தாம் எழுதிய இலக்கணப் பெருநூலுக்கு அவர் பெயரும் சூட்டவில்லை, முன்னுரையும் வரையவில்லை. எனவே உலகம் அதனை 'அல்-கிதாப்', அதாவது 'நூல்', என்றே அழைக்கிறது. அதனைப் பிறருக்குப் பாடம் சொல்லிப் பரப்பிய அல்-அக்ஃபஷ் (ரஹ்) அவரிடமே கற்ற மாணவர். வயதில் அவரினும் மூத்தவர் என்பர்.