நரம்பின் வழி கண்ட காஹால்

ஸ்பெயின் தேசத்து மலைக் கிராமமொன்றில் 1852-ஆம் வருஷம் பிறந்த ஸாந்தியாகோ ரமோன் இ காஹால், இளமையில் சித்திரக்காரராக வேண்டுமென்றே விரும்பினார். வைத்தியரான தந்தை அதற்கு இடங்கொடாமல், பிள்ளையை நாவிதனிடமும் செருப்புத் தைப்பவனிடமும் வேலைக்கு விட்டுப் பார்த்தார். பின்னர் இடுகாட்டு எலும்புகளைக் கொண்டு தாமே சரீர சாஸ்திரம் கற்பித்தார். அவ்வெலும்புகளைத் தீட்டப் பழகிய கையே பிற்காலத்தில் மூளையின் நுண்ணிழைகளை உலகுக்கு வரைந்து காட்டியது.

மூளை முழுவதும் இடையறாத ஒரே வலை என்று அக்காலத்துப் பண்டிதர் பலர் நம்பினர். இத்தாலியரான கோல்ஜியின் வெள்ளிச் சாய முறையை 1887-இல் மாட்ரிட்டில் கண்ட காஹால், அதைச் சீர்திருத்தி, புதியதொரு யுக்தி செய்தார். வளர்ந்த பிராணியின் மூளையில் இழைகள் சிக்குண்ட நூற்கண்டு போலிருத்தலின், கோழிக் கருவையும் இளங்குட்டிகளையும் ஆராய்ந்தார். ஒவ்வொரு நரம்பணுவும் தனித்து நிற்பது அங்கே தெளிவாயிற்று. 1888-இல் பார்ஸலோனாவில் சொந்தச் செலவில் பத்திரிகை அச்சிட்டு இதை வெளியிட்டார். ஸ்பானிஷ் பாஷையில் எழுதியதைப் பிற தேசத்தார் பொருட்படுத்தினாரில்லை. அதனால் மனந்தளராமல், 1889-இல் தம் கண்ணாடித் தகடுகளுடன் பெர்லின் மகாநாட்டுக்கே சென்றார். அங்கே அவற்றை நேரிற் கண்ட கொல்லிக்கர் என்னும் முதுபெரும் அறிஞர் அவர் பக்கம் சேர்ந்தார்.

1890-இல், கருவில் வளரும் நரம்பிழையின் நுனியில் கூம்பு போன்றதோர் உறுப்பைக் கண்டார். அக்கூம்பு தன் வழியை எவ்வாறு அறிகிறது? திசுக்களிலிருந்து கசியும் இரசாயனப் பொருள்களே அதை ஈர்க்கின்றன என்று 1892-இல் ஊகித்தார். 1906-இல் நோபல் பரிசு அவருக்கும் கோல்ஜிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது; கோல்ஜியோ அம்மேடையிலும் வலைக் கொள்கையையே வற்புறுத்தினார்.

உயிருள்ள நரம்பிழை வளர்வதை 1907-இல் ஹாரிஸன் என்பார் கண்ணாரக் கண்டார். காஹால் 1934-இல் காலமான பின், ரீட்டா லெவி மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்பை வளர்க்கும் புரதமொன்றைப் பிரித்தெடுத்து, 1986-இல் நோபல் பரிசு பெற்றனர். நரம்பின் மேற்புறத்தில் அப்புரதத்தை ஏற்பது ஒரு கைனேஸ் என்ஸைம் என்பது 1991-இல் வெளியாயிற்று. புரதம் வந்து பொருந்தியதும் அந்த என்ஸைம் விழித்தெழுந்து பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதனால் வேறு என்ஸைம்கள் ஒன்றையொன்று தூண்ட, அச்செய்தி உள்ளே பரவி, இழை நீளவும் கிளைவிடவும் செய்கிறது.

கருவிகள் மிகுந்த தேசங்களுக்கே விஞ்ஞானம் உரியது என்போர் இச்சரித்திரத்தைச் சிந்திப்பாராக. தம் பாஷையிலேயே உண்மையை எழுதினார் காஹால். உலகம் செவிசாய்க்காதபோது அதை உலகின் வாயிலுக்கே எடுத்துச் சென்றார்.