வீட்டு வரி ரசீதைத் தேடினப்போ சிக்கிய மனுஷர்... உங்க பரணை ஒழுங்குபடுத்த ஒரு கணக்கு வாத்தியார்!

உங்க வீட்டுலயும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். இல்லைன்னா பீரோவோட அடித்தட்டு, கட்டிலுக்குக் கீழ ஒரு சூட்கேஸ். எதைக் கேட்டாலும் 'அதுக்குள்ளதான் இருக்கு'ன்னு பதில் வரும். ஆனா எடுக்கத்தான் முடியாது.

குச்சனூர்ல எங்க அப்பத்தா வீட்டுல அது பரண். ஒரு ஹால், ஒரு அடுப்படி, ரெண்டுக்கும் நடுவுல தலைக்கு மேல ஒரு பலகைத்தட்டு. ஆடி பொறந்துட்டா சனீஸ்வரன் கோயிலுக்கு சனிக்கிழமை தவறாம கூட்டம் வரும். எள் தீபம் போட வர்ற சொந்தக்காரங்க அப்படியே வீட்டுக்கும் வருவாங்க. அதனால வருஷா வருஷம் ஆனியிலேயே பரணைக் காலி பண்ணணும்னு பேச்சு ஆரம்பிக்கும், ஆடியோட முடிஞ்சிரும். இந்த வருஷம் தப்பிக்க முடியலை. தாத்தா இறந்து ஆறு மாசம் ஆச்சு. கரன்ட் கனெக்‌ஷனை அப்பத்தா பேருக்கு மாத்தணும், அதுக்கு வீட்டு வரி ரசீது வேணும். ரசீது பரண்ல இருக்கு. பரண்ல எங்கன்னு தாத்தாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ரெண்டு நாள் தேடினோம். கடைசியில ஒரு உரச்சாக்குக்குள்ள, ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போட்டுப்போன பழைய ஸ்வெட்டருக்கு அடியில, பேரூராட்சி ரசீது கிடைச்சுது. அதுல வீட்டு வரிக்குக் கீழ இன்னொரு வரி, நூலக வரி. உங்க வீட்டு ரசீதையும் எடுத்துப் பாருங்க, இருக்கும். (எடுக்க முடிஞ்சா!) அந்த ஒரு வரிக்குப் பின்னால ஒரு மனுஷர் இருக்கார். பொருளை எங்க வைக்கணும், வெச்சதை எப்படிக் கண்டுபிடிக்கணும்கிற ஒரே கேள்விக்கு 48 வருஷத்தைக் கொடுத்தவர். பேரு சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன்.

1892 ஆகஸ்ட்ல பொறந்தவர். ஆறு வயசுல அப்பா இறந்துட்டார். சீர்காழியில பள்ளிப் படிப்பு, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில கணிதம், எம்.ஏ வரைக்கும். திக்குவாய் இருந்துச்சு. அதோடவே மங்களூர், கோயம்புத்தூர், அப்புறம் சென்னை மாநிலக் கல்லூரின்னு கணக்கு வாத்தியார் வேலை பார்த்தார். வகுப்பறை அவருக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஆனா, சம்பளம் கட்டுப்படியாகலை.

அப்போதான் சென்னைப் பல்கலைக்கழகம் முதல்முறையா ஒரு நூலகரை நியமிக்க விளம்பரம் கொடுத்துச்சு. சுமார் 900 பேர் விண்ணப்பிச்சாங்க. நூலகத்துறை படிச்சவங்க ஒருத்தர்கூட இல்லை. நம்ம ஆளும் நேர்காணலுக்கு முன்னாடி பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்துல நூலகம் பத்தின கட்டுரையைப் படிச்சுட்டுப் போனவர்தான். இப்போ நாம இன்டர்வியூவுக்குப் போற ஆட்டோவுல விக்கிபீடியா பார்க்கிற மாதிரி. வேலை கிடைச்சிருச்சு. 1924 ஜனவரியில சேர்ந்தார்.

சேர்ந்த ஒரு வாரத்துல ஓடி வந்துட்டார்.

உண்மை, சும்மா சொல்லலை. பேச ஆளில்லை, பாடம் நடத்தப் பிள்ளைங்க இல்லை, சுத்தி தூசி படிஞ்ச புத்தகம் மட்டும்தான். பழைய கல்லூரி முதல்வர்கிட்டயே போய் நின்னு, வகுப்பறைக்கே திரும்ப வந்துடறேன்னு கேட்டார். முதலில் லண்டனுக்குப் போய் நூலகத்துறை படிச்சுட்டு வரட்டும், அப்பவும் பிடிக்கலைன்னா வேலையைத் திருப்பித் தரலாம்னு ஒப்பந்தம் ஆச்சு. இன்னிக்கு உலகம் முழுக்க நூலகத்துறை மாணவர்கள் படிக்கிற பேரு, ஒரு நிபந்தனையோட கப்பல் ஏறிய பேருதான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல சேர்ந்தவர், இங்கிலாந்து முழுக்க நூலகம் நூலகமா ஏறி இறங்கினார். எல்லா இடத்துலயும் ஒரே சிக்கல் கண்ணுல பட்டுச்சு. அப்போ பரவலா இருந்தது அமெரிக்காவோட டியூயி முறை. அறிவு மொத்தத்தையும் பத்தாப் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் மறுபடி பத்தாப் பிரிச்சு, முன்கூட்டியே அறை கட்டி வெச்சிருப்பாங்க. புதுசா ஒரு துறை வந்துட்டா அதுக்கு அறை கிடையாது. பக்கத்து அறையில திணிக்கணும். உங்க அலமாரியில 'மத்தது'ன்னு ஒரு தட்டு இருக்குல்ல, சார்ஜர் ஒயர், பழைய கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் கிடக்குமே, அதே கதைதான்.

விடை கிடைச்சது நூலகத்துல இல்லை, கடையில. லண்டன் செல்ஃபிரிட்ஜஸ் கடையில மெக்கானோ பொம்மையைச் செஞ்சு காட்டிட்டு இருந்தாங்க. துளை போட்ட பட்டைகள், சக்கரங்கள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை மாத்தி மாத்திப் பூட்டினா ஒருமுறை கிரேன் வருது, இன்னொருமுறை வண்டி. ரங்கநாதனுக்குச் சட்டுனு பொறி தட்டிச்சு. அறையை முன்னாடியே கட்டி வைக்கவேண்டாம், துண்டுகளைக் கொடுத்தா போதும், வர்ற புத்தகத்துக்கு ஏத்தபடி அப்பப்போ பூட்டிக்கலாம். துண்டுகளைப் பூட்டும் போல்ட்டா அவர் எடுத்துக்கிட்டது நிறுத்தற்குறிகளில் ஒண்ணான முக்காற்புள்ளி, அதாவது கோலன். 'கோலன் வகைப்பாடு'ங்கிற பேரு அப்படித்தான் வந்துச்சு. 1925-ல் ஊர் திரும்பும்போது கப்பல்ல இருந்த நூலகத்துப் புத்தகங்களை வெச்சே அதைச் சோதிச்சுப் பார்த்துட்டார்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம், வீட்டுக்கு உதவும். அவர் கணக்குல 'எல்'ங்கிற எழுத்து மருத்துவம். 45 நுரையீரல். 421 காசநோய். 44 இந்தியா. இதுங்களைப் பூட்டினா இந்தியாவுல நுரையீரல் காசநோய் பத்தின புத்தகத்துக்கு முகவரி ரெடி. எந்தப் பொருளையும் அவர் அஞ்சு கேள்வியில அளந்தார். இது முக்கியமா என்ன? எதால ஆனது? இதை வெச்சு என்ன நடக்குது? எங்கே? எப்போ?

அப்பத்தா பரண்ல இருந்த வெண்கலப் பானையை இதுல வெச்சுப் பார்த்தேன். பானை, வெண்கலம், பொங்கல் வைக்க, வாசல்ல, தை மாசம். வருஷத்துல ஒரு நாள்! அது ஏன் பரணோட வாய்லயே உட்கார்ந்து தினமும் வேணும்கிற முறத்தை மறிக்குது? 'எப்போ'ங்கிற கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்க, பாதிப் பரண் தானா இடம் மாறிடும். தினம் எடுக்கிறது கைக்கு எட்டுற உயரத்துல, மாசம் ஒருமுறைன்னா அதுக்கு மேல, தைக்கும் ஆடிக்கும் எடுக்கிறது உள்கோடியில.

சென்னைக்கு வந்தவர் வகுப்பறைக்குத் திரும்பவே இல்லை. 1944 வரைக்கும் 20 வருஷம் அதே நூலகம். பூட்டிக் கிடந்த அலமாரிகளைத் திறந்துவிட்டு, வாசகர்களே உள்ளே நடந்து எடுத்துக்கட்டும்னார். திருடு போகுமேன்னு பயம் இருந்த காலம். விடுப்பே எடுக்காம, ஞாயித்துக்கிழமையும் சேர்த்து உழைச்சதாகச் சொல்வாங்க. அது பெருமையான்னு எனக்குச் சந்தேகம்தான், இன்னிக்கு நாம அதை வேற பேர்ல சொல்வோம்.

1928-ல் ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒரு விபத்துல மனைவி ருக்மிணியை இழந்தார். அதே வருஷம்தான் நூலக வேலை மொத்தத்தையும் சில அடிப்படை விதிகளுக்குள்ள கொண்டுவர அவர் தவிச்சுட்டு இருந்ததும். அவரோட கணக்கு ஆசிரியர் ராஸ் நூலகத்துப் பக்கம் வந்தவர், போற போக்குல முதல் விதியை எடுத்துக் கொடுத்தார். அதைப் பிடிச்சுக்கிட்டே மத்த நாலும் வந்துச்சு. 1931-ல் அது புத்தகமா ஆச்சு. நூலகத் துறையில இன்னிக்கும் முதல் வகுப்புல நடத்துற ஐந்து விதிகள் அதுதான்.

என் சொல்லில் சொன்னா, புத்தகத்தைக் காவல் காக்கிறது நூலகரோட வேலை இல்லை. அதை ஒரு கையில சேர்க்கிறதுதான் வேலை. வாசகருக்குப் புத்தகத்தைத் தேடிக் கொடுக்கிற மாதிரி, புத்தகத்துக்கும் வாசகரைத் தேடித் தரணும். தேடுறவங்க நேரத்தை வீணாக்கக்கூடாது. நூலகம் வளர்ந்துட்டே இருக்கும், அதுக்கு இடம் விட்டு வைக்கணும்.

இதுல எனக்குத் தூக்கிப்போட்டது, புத்தகத்துக்கு ஆள் தேடுற விஷயம். இப்போ ரீல்ஸ்ல வர்ற வீடு ஒழுங்குபடுத்துற ஆளுங்க எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க, மனசுக்குப் பிடிக்கலைன்னா தூக்கிப்போடு. பரண்ல இருந்த ஸ்வெட்டர் எங்க யாருக்கும் பிடிக்கலை. குப்பைக்குப் போயிருக்கும். ஆனா விடியக்காலையில ஜீப் ஏறி மலை மேல ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. ஸ்வெட்டர் குப்பை இல்லை, அதுக்குரிய ஆளை இன்னும் பார்க்கலை, அவ்வளவுதான். ஒரு பொருளைப் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அதுக்கு ஆள் தேடிப் பாருங்க. அப்பவும் யாரும் இல்லைன்னா போட்டுடுங்க. ரங்கநாதன் கணக்குப்படி பூட்டி வைக்கிறதும் தப்புதான்!

1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசல் கிராமத்துல கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில நூலகம் கட்டி ஊர் ஊரா அனுப்பினார். ரங்கநாதன் முன்னின்னு நடத்தின சென்னை நூலகச் சங்கத்தோட காலம் அது. ஒரு வண்டிக்குள்ள ஒரு நூலகத்தையே அடுக்கியிருக்காங்க. நாம 10-க்கு 10 ரூமுக்கு அலுத்துக்கிறோம்.

1934-ல் அட்டவணைக்கான விதிகளைத் தனிப் புத்தகமா எழுதினார். அட்டவணையோட அடிப்படை ரொம்ப எளிது. ஒரு புத்தகம் ஒரு தட்டுலதான் இருக்க முடியும், ஆனா அதுக்கான அட்டை எத்தனை பேர்ல வேணும்னாலும் இருக்கலாம். எழுதினவர் பேர்ல தேடினாலும், தலைப்புல தேடினாலும், அந்தத் தட்டுக்கே போய்ச் சேருவீங்க. இதை இப்போ உங்க போன்லயே செய்யலாம். ஒவ்வொரு பெட்டியையும் மூடறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கிறதை ஒரு போட்டோ எடுங்க. நோட்ஸ்ல 'பெட்டி 1'னு போட்டு, வீட்டு வரி, இ.பி, தாத்தா, ரசீது, பட்டான்னு வாய்க்கு வர்ற எல்லாப் பேரையும் எழுதி வைங்க. அந்த ஊர்ல இல்லாத தம்பி பேங்களூர்ல இருந்தே தேடி எடுத்துச் சொல்லிடலாம். வீட்டுல ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச இடம் அவரோட போயிடும். நாங்க ரெண்டு நாள் தேடினது ஒரு ரசீதை மட்டும் இல்லைன்னு அப்பத்தா முகத்தைப் பார்த்தப்போதான் புரிஞ்சுது.

சென்னையை விட்ட பிறகு காசி இந்துப் பல்கலைக்கழகம் போனார். அங்கே சுமார் ஒரு லட்சம் புத்தகங்களை அவர் ஒருத்தரே வகைப்படுத்தினார். ஒரு லட்சம்! நம்ம கணக்குக்கு ஒரு பரண். அப்புறம் டெல்லி, சூரிச், பெங்களூர். பத்மஸ்ரீ 1957-ல், தேசிய ஆய்வுப் பேராசிரியர் பதவி 1965-ல். அதெல்லாம் வேகமாகச் சொல்லிடலாம்.

நின்னு சொல்லவேண்டியது 1948. பல வருஷமா அவர் எழுதி, திருத்தி, மன்றாடின பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்துல அந்த வருஷம் நிறைவேறிச்சு. இந்தியாவுலயே மாகாண அளவில் முதல் சட்டம். மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, அதுக்குச் செலவு பண்ண சொத்து வரியோட ஒரு சின்ன நூலக வரி. எங்க பரண்ல கிடைச்ச ரசீதுல இருந்தது அதுதான். தாத்தா படிக்காதவர். வருஷா வருஷம் நூலகத்துக்குக் காசு கட்டியிருக்கார்.

1950-கள்ல ரங்கநாதன் தன் வாழ்நாள் சேமிப்பு ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார், நூலகத்துறைக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமைக்க. அதுக்கு வெச்ச பேர்ல ரெண்டாவது மனைவி சாரதா பேரும் இருக்கு. சம்பளம் பத்தலைன்னு வேலை மாறின வாத்தியார் அவர், ஞாபகம் இருக்கா? 1972 செப்டம்பர் 27-ம் தேதி பெங்களூர்ல இறந்தார். அவர் பிறந்தநாளா ஆகஸ்ட் 12-ஐத்தான் நாடு முழுக்க நூலகர் தினமாகக் கொண்டாடுறாங்க. அதுவும் ஆடி மாசத்துலதான் வருது.

எங்க பரண் இப்போ முக்கால்வாசிதான் நிரம்பியிருக்கு. மிச்ச கால் பங்கை வேணும்னே காலியா விட்டிருக்கோம். அப்பத்தாவுக்கு அது பொறுக்கலை, நாலு தேங்காயை ஏத்தி வெச்சிருக்கு. ஸ்வெட்டர் மூணாவது வீட்டு அக்காவோட மலைக்குப் போயிட்டு வருது. ரசீது பெட்டி 1-ல இருக்கு. இ.பி ஆபீஸ்ல ஒரிஜினல் கேட்டாங்க, போன்ல தேடி ரெண்டு நிமிஷத்துல எடுத்துட்டுப் போயிட்டோம். பழைய கல்யாணப் பத்திரிகைங்கள மட்டும் என்ன பண்றதுன்னு இன்னும் முடிவாகலை. அப்பத்தா ஒவ்வொண்ணையும் எடுத்து யார் யாருன்னு கதை சொல்லிட்டு இருக்கு.