டிகிரி வாங்காத மேதை: பாக்

டிப்ளமோதானா என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் நமக்குச் சுருக்கென்று இருக்கும், இல்லையா? அப்போது நினைத்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் நண்பர்களே! ஜெர்மனியின் இசை மேதை யோஹான் செபாஸ்டியன் பாக்.

1685-ல் ஐசனாக் என்ற ஊரில், பரம்பரையாக இசையே தொழிலான குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயது நிறையும் முன்பே தாய், தந்தை இருவரையும் இழந்து அண்ணன் வீட்டில் வளர்ந்தார். அண்ணன் பூட்டி வைத்த இசை நோட்டைக் கம்பி அலமாரிக்குள் கைவிட்டு எடுத்து, ராத்திரியில் நிலா வெளிச்சத்திலேயே ஆறு மாதம் காப்பி எடுத்தாராம். (நாம் ரெக்கார்டு நோட்டு காப்பி அடிப்பது வேற!) அண்ணன் கண்டுபிடித்துப் பிடுங்கிக்கொண்டார். கைக்குள் போன வித்தையைப் பிடுங்க முடியுமா?

பள்ளிப் படிப்போடு சரி. பல்கலைக்கழக வாசலை மிதிக்கவில்லை. 1703-ல், 18 வயதில், ஆர்ன்ஸ்டாட் ஊர் தேவாலயத்தில் புதிதாக அமைத்த ஆர்கனைச் சோதிக்க அழைத்தார்கள். சோதிக்க வந்தவரையே வாசிக்கவும் வைத்துக்கொண்டார்கள்! ஆர்கன் என்றால் சும்மா இல்லை. துருத்தி, காற்றுப்பெட்டி, நூற்றுக்கணக்கான குழாய்கள் என்று அது ஒரு பெரிய மெஷின். பாக் முதலில் எல்லாக் குழாய் வரிசைகளையும் ஒன்றாகத் திறந்துவிட்டு வாசித்து, அதன் நுரையீரல் தாங்குகிறதா என்று பார்ப்பாராம். நம்ம லேப் பாஷையில் ஃபுல் லோடு டெஸ்ட்!

1705-ல் புக்ஸ்டெஹூட என்ற மாஸ்டரின் வாசிப்பைக் கேட்க ல்யூபெக் நகருக்குச் சுமார் 400 கிலோமீட்டர் நடந்தே போனார். வாங்கியது நாலு வார லீவு. திரும்பியது ஏறக்குறைய நாலு மாதம் கழித்து. மேலிடத்தில் செம திட்டு!

1722-ல் லைப்சிக் நகரின் புனித தாமஸ் பள்ளிக்கு இசைத் தலைவர் தேவைப்பட்டார். நகரசபை முதலில் தேர்ந்தெடுத்தது டெலிமானை. அவர் வரவில்லை. அடுத்து கிராப்னர். அவரை எஜமானர் விடவில்லை. இரண்டு பேருமே அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்கள். வேறு வழியில்லாமல்தான் 1723-ல் டிகிரி இல்லாத பாக்குக்கு வேலை கிடைத்தது!

அந்த மூன்றாவது ஆள்தான் 27 வருடம் அங்கே உழைத்து, ஞாயிறு வழிபாடுகளுக்கு வரிசையாகப் புதுப்புது இசை எழுதினார். பிறந்த இருபது குழந்தைகளில் பத்துப் பேரே பெரியவர்களானார்கள். அந்தத் துக்கங்களுக்கு நடுவிலும் பேனா நிற்கவில்லை. தனக்குக் கிடைக்காத பல்கலைக்கழகப் படிப்பைத் தன் மூத்த பையன்களுக்குக் கொடுத்தார். கடைசியில் கண் பார்வை மங்கி, இரண்டு அறுவை சிகிச்சைகளும் பலிக்காமல் 1750 ஜூலை 28-ல் மறைந்தார்.

பிறகு ஊர் அவரை ஏறக்குறைய மறந்தேபோனது. 1829-ல் மெண்டல்சன் என்ற 20 வயது இளைஞர் பெர்லினில் பாக்கின் 'மத்தேயு பாஷன்' என்ற படைப்பை மறுபடி அரங்கேற்றிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1977-ல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் ஏறி அவர் இசை விண்வெளிக்கே போய்விட்டது. நம்ம இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும்தான் காணிக்கையாக்கினார்.

டிகிரி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை நண்பர்களே. பாக்கே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்தானே! மேலே படிக்க வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். வராவிட்டால்... கை கற்ற தொழிலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.